முட்டை விலைக்குக் கீழே இன்னொரு விலை

நம் பங்குச் சந்தைக் கண்காணிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் அடக்கமாகத் தோற்ற கதை சொல்வார்கள், கேட்கிறவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அடக்கம் வராது. சேலத்தில் என் கூடப் பிறந்தவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

ஜெயித்த கதைக்கு நடுவில் நான் பண்ணிய முட்டாள்தனம் ஒன்றும் வரும். அதை மறைக்கப் போவதில்லை. அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

நம் வேலை என்னவென்று என் அக்கா வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "செலின், எந்த ஷேர் ஏறும்? காதோட காதா சொல்லு." எனக்குத் தெரியாது என்றால் நம்ப மாட்டார். சந்தையில் தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறவளிடம் போய் எந்தக் கத்தரிக்காய் ருசி என்று கேட்டால் நான் என்ன செய்வது? தராசில் யாராவது விரலை வைத்து அழுத்துகிறார்களா என்று மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அந்த விரல் யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான் நம் மானமும் மரியாதையும் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், கோடை தொடங்கியிருந்த நேரம். நம் கணினி ஒரு எச்சரிக்கை கொடுத்தது. ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு சின்னக் கம்பெனி. பொங்கலுக்கு அப்புறம் அதன் பங்கு விலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள்கூட இறங்கவில்லை. தினமும் காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தவுடன் முப்பத்தெட்டு கணக்குகளிலிருந்து வாங்கும் ஆர்டர் வரும். எல்லாம் ஒரே விலைக்கு, பைசா சுத்தமாக ஒரே விலைக்கு. முப்பத்தெட்டும் நாமக்கல் மாவட்டத்துக் கணக்குகள்.

கணினியைக் கேட்டால் அது கூட்டுச்சதி என்று சொல்லும். வேறு எப்படிச் சொல்லும்? மும்பையில் இருந்த என் மேலதிகாரியும் அதையேதான் சொன்னார். அவரும் தமிழர்தான், நியாயமானவர்தான், ஆனால் திரையில் பார்ப்பதைத் தவிர வேறொன்றையும் நம்பாதவர். "முப்பத்தெட்டு கணக்கையும் முடக்கிடுவோம் செலின். அப்புறம் விசாரிப்போம்" என்றார்.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கம்பெனியை நடத்துகிறவர்களின் கையில் ஏராளமான பங்குகள் இருந்தன. குறிப்பிட்ட நாள் வரைக்கும் அவற்றை விற்கக்கூடாது என்று தடை. அந்தத் தடை வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. ஏறிய விலையில் அன்று அத்தனையையும் யார் தலையிலாவது கட்டிவிட்டு அவர்கள் போய்விடலாம். நான் சென்னை அலுவலகத்திலிருந்து கிளம்பியது அதற்கு முந்தைய சனிக்கிழமை. எனக்குக் கிடைத்தது ஆறு நாள்.

எங்கள் வீடு சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்தில், அன்று இரவு அங்கே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அப்படியே ஆத்தூர் பஸ் ஏறி அந்த ஆலையைப் பார்க்கப் போனேன். கதவில் பூட்டு. மாவு காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் ஆடுகள் படுத்திருந்தன. காவலுக்கு இருந்தவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஆலை ஓடலையா?" என்றேன்.

"மிஷினு நின்னு ரெண்டு வருஷம் ஆவுதும்மா. நீங்க எடம் பாக்க வந்தீங்களா?"

தினமும் விலை ஏறுகிற கம்பெனி அது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்போடு மறுநாள் நாமக்கல்லுக்குப் போனதுதான் நான் செய்த தப்பு.

திங்கட்கிழமை முப்பத்தெட்டு பேரையும் ஓர் அரசு அலுவலகக் கூட்ட அறைக்கு வரச் சொல்லி சம்மன் கொடுத்திருந்தேன். வந்தவர்களைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் கோழிப்பண்ணைக்காரர்கள். வேட்டி மடித்துக் கட்டியவர்கள், தீவனத் தூசி ஒட்டிய சட்டையோடு வந்தவர்கள், ஏழெட்டுப் பெண்கள். சதி செய்கிற கூட்டம் மாதிரியா இருந்தது? ஆனால் நானோ ஆட்டையும் பூட்டையும் பார்த்துவிட்டு வந்தவள். எடுத்த எடுப்பில் சட்டப் பிரிவுகளைப் படித்தேன். ஜெயில் என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு எல்லோருடைய போனையும் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.

ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பாவாயி. எருமப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்.

"ஏனுங்க மேடம், என்ற கணக்கை மூடிப்போட்டா நான் எப்புடிங்க குஞ்சு எறக்கறது? பழைய கோழியெல்லாம் வித்துப்போட்டு ஷெட்டு காலியாக் கெடக்குது. குஞ்சுக்கு வெச்சிருந்த காசைத்தானுங்க அதுல போட்டிருக்கறேன்."

"அதெல்லாம் விசாரணைக்கு அப்புறம்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இடைவேளை முடிந்து போன்களை வாங்கிப் பார்த்தோம். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. தேநீர் குடிக்கிற பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு பேரும் வாட்ஸ்அப்பில் இருந்த செய்திகளைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். ஜெயில் என்று சொல்லிவிட்டு, போனையும் கையில் விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் வேறு என்ன செய்வார்கள்? அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அழிந்ததை மீட்டுத் தர நிபுணர்கள் கேட்ட அவகாசம் பல வாரங்கள். எனக்கு இருந்தது நான்கு நாள்.

மும்பைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. "சாட்சியத்தை அழிச்சிருக்காங்க. இதைவிட என்ன வேணும்? உத்தரவை எழுத ஆரம்பிக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சு. என்னால்தான் அந்த முப்பத்தெட்டு பேரும் குற்றவாளிகள் போலத் தெரிந்தார்கள். வியாழக்கிழமை மதியம் வரை மட்டும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பொறுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, தனியாகப் பாவாயி பண்ணைக்குப் போனேன். அவர் காலி ஷெட்டில் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் என்னங்க மேடம்? போனைத்தான் நேத்தே பாத்துட்டீங்களே."

"போன் வேண்டாங்க. நேத்து நான் பேசினது தப்பு. உங்களை என்னன்னு கேக்காமயே மிரட்டிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

குழாயை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீசருங்க தப்புன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறனுங்க. வெயில்ல நிக்காதீங்க சாமி, முட்டை ரூமுக்குள்ள வாங்க. அங்க ஃபேன் ஓடுது."

முட்டை அடுக்கும் அறையில் அன்றைக்கு வெறும் அட்டைகள்தான் இருந்தன. மோர் கொடுத்தார். குடிக்கத் தலையை நிமிர்த்தியபோது சுவரில் மாதக் காலண்டரைப் பார்த்தேன். சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இரண்டு எண்கள். மேலே நீல மை, கீழே சிவப்பு மை.

"இது என்னங்க?"

"மேல முட்டை ரேட்டுங்க. கீழ அந்த ஷேர் ரேட்டு. தீவனத் தம்பி காலைல ஆறரைக்கெல்லாம் ரெண்டையும் ஒண்ணா அனுப்பீருவாரு. வந்ததும் எழுதி வெச்சுருவேன், இல்லைன்னா மறந்துருமுங்க."

நாமக்கல்லில் முட்டைக்குத் தினமும் விலை அறிவிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்ணைக்காரர்கள் காலையில் பல் தேய்க்கும் முன்னே அதைப் பார்த்துவிடுவார்கள். தீவனத் தம்பி என்பவர் முன்பு பண்ணை பண்ணையாகத் தீவனம் விற்றவர். பல வருஷங்களாக அவர்தான் இவர்களுக்கு முட்டை விலையை அனுப்பி வந்தார். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு நாள் தப்பாக அனுப்பியதில்லை. பொங்கலுக்குப் பிறகு அதே செய்தியில் இரண்டாவதாக ஒரு விலையையும் சேர்த்திருக்கிறார். இவர்கள் அதையும் அதே நம்பிக்கையோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

"ஷேருக்கு யாருங்க ரேட் போடறதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"முட்டைக்குப் போடறாப்பல, அதுக்கும் பம்பாயில யாராச்சும் ஒக்காந்து போடுவாங்கன்னு நெனச்சனுங்க. இல்லீங்களா?"

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கியது. முப்பத்தெட்டு பேரும் பைசா சுத்தமாக ஒரே விலைக்கு ஆர்டர் போட்டது சதியினால் அல்ல. அது அன்றைய அறிவிப்பு விலை என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் ஊறிய ஊரைத் தவிர வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அந்த ஊரைத் தேடிப் பிடித்தவன் கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

"அப்படி யாரும் போடறதில்லைங்க. வாங்கறவர் ஒரு வெலை கேப்பார், விக்கறவர் ஒரு வெலை சொல்வார். ரெண்டும் எங்க பொருந்துதோ அதுதான் வெலை."

"அப்பறம் எப்புடிங்க தம்பி சொன்ன வெலை தெனமும் அப்புடியே நடந்துது?"

"நீங்க முப்பத்தெட்டு பேரும் அந்த வெலைக்குக் கேக்கறீங்க. அதே நேரத்துல, அதே வெலைக்கு விக்கறதுக்கு ஆள் தயாரா உக்காந்திருக்கு. தெனமும் அதே அஞ்சு பேர்."

பாவாயி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை நம் பயிற்சிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போடலாம்.

"முட்டைக்கு மைனஸ் உண்டுங்க. அறிவிச்ச வெலை ஒண்ணு, வண்டிக்காரரு எடுக்கறது அதுக்குக் கொஞ்சம் கம்மியா. எந்தக் காலத்துலீங்க சொன்ன வெலை அப்புடியே கைக்கு வந்திருக்குது? இதுல மைனஸே இல்லீங்க. சொன்னது சொன்னபடி. அன்னைக்கே எனக்கு ஒறச்சிருக்கோணும்."

ஆலைக் களத்தில் ஆடு படுத்திருந்ததையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. கோபத்தில்தான். "மாசக் கடேசியில குஞ்சு எறக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நேத்து சாயங்காலம் தம்பி போன் பண்ணி, இனிமே மெசேஜ் வராது, வெள்ளிக்கிழமை பெரிய ரேட்டு, இருக்கறதையெல்லாம் போட்டு வாங்கச் சொல்லுச்சுங்க. கம்மலை வெக்கலாமான்னுகூட ரோசனை பண்ணீட்டிருந்தேன்."

அவர் நிலைமை இதுதான். நாங்கள் கணக்கை முடக்கினால் பாவாயிக்குப் பணமும் போகும், சதிகாரி என்ற பெயரும் வரும். அந்தப் பெயர் வந்தவருக்கு யாரும் கடனுக்குக் குஞ்சு கொடுக்க மாட்டார்கள். முடக்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை அத்தனை குப்பையும் அவர் தலையில் இறங்கும். விற்கிற அந்த ஐந்து பேரையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த கம்பெனிக்காரர்களையும் வியாழக்கிழமைக்குள் கட்டிப்போட்டால் மட்டுமே அவர் பிழைப்பார். அதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும். சந்தை திறக்கும் முன்பே விலை சொல்லப்பட்டது என்பதற்கு ஆதாரம் அந்தக் காலண்டர்.

"இது மாதிரி மத்தவங்க வீட்டுலயும் எழுதியிருப்பாங்களா?"

"எழுதாம? ஆனாக் குடுக்க மாட்டாங்க. ஏமாந்துட்டேன்னு ஊருக்கு முன்னால சொல்றதுக்கு எவனுக்குங்க வாய் வரும்?"

சொல்லிவிட்டு அவரே போனை எடுத்தார். முதல் ஆளிடம் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "இங்க பாரண்ணா, நான் நல்லா ஏமாந்து போயிட்டேன். நீயும் ஏமாந்திருக்கற. மொத ஆளா நான் சொல்லீட்டேன், இனி நீ சொல்றதுக்கு வெக்கம் ஒண்ணுமில்லை. உங்கூட்டுக் காலண்டரைக் கழட்டி வை, ஆபீசரம்மா வாராங்க." இதையே ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் ஜெயில் பேரைச் சொல்லி வாங்க முடியாததை அவர் 'நான் ஏமாந்தேன்' என்று சொல்லி வாங்கினார்.

சிலர் தினமும் கிழிக்கிற காலண்டர்க்காரர்கள், கிழித்ததோடு போயிற்று. சிலர் எழுதவே இல்லை. பதினேழு பேரிடம் மாதக் காலண்டர் இருந்தது. புதன்கிழமை முழுக்க அலைந்து, ஒவ்வொன்றுக்கும் வாக்குமூலம் வாங்கி, கையெழுத்து வாங்கினேன். ஒரு பெரியவர் மட்டும் கழற்றித் தர மாட்டேன் என்று நின்றார். "நாளைக்கு முட்டை ரேட்டை எங்கீங்க எழுதறது?" நியாயமான கேள்வி. சித்திரை மாதத்தில் எந்தக் கடையில் காலண்டர் கிடைக்கும்? எங்கள் ஊர் மாதா கோயில் அலுவலகத்தில் மிச்சம் கிடந்த காலண்டர்களை அக்கா வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க நாமக்கல்லில் பதினேழு முட்டை அறைகளில் மாதா படம் தொங்கியது.

வியாழக்கிழமை காலை சென்னை அலுவலகத்தில் நீள மேசை மேல் பதினேழு காலண்டர்களையும் பரப்பினேன். மும்பைக்காரர் திரையில் வந்தார். உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஊசியால் குத்தினார்.

"செலின், இந்தப் பங்கோட பழைய விலை எல்லாம் இணையத்துல கிடக்கு. திங்கட்கிழமை நீங்க மிரட்டினதுக்கு அப்புறம் இவங்க உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

மை பழசு, எழுத்து வேறு வேறு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை. "சரி, சந்தை விலைப் பட்டியலோட ஒவ்வொரு நாளையும் ஒப்பிட்டுப் பாருங்க" என்றார்.

என்னோடு வேலை பார்த்த பிரகாஷ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேதி தேதியாகப் படித்தான். நான் காலண்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜனவரி சரி. பிப்ரவரி சரி. மார்ச் சரி. ஏப்ரலில் ஓரிடத்தில் நின்றான்.

"மேடம், இங்க ஒரு நாள் தப்பு. காலண்டர்ல விலை இருக்கு, பட்டியல்ல இல்லை."

"எல்லாக் காலண்டர்லயுமா?"

குனிந்து பார்த்தான். "பதினேழுலயும் இருக்கு. அதே எண்தான்."

திரையில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். "போச்சு. ஆதாரம்னு கொண்டுவந்ததே தப்பு. இதை வெச்சுக்கிட்டு எந்த வக்கீல் முன்னாடியும் நிக்க முடியாது."

"எந்தத் தேதி, பிரகாஷ்?"

தேதியைச் சொன்னான். காலண்டரில் அந்தத் தேதியே சிவப்பில் அச்சாகியிருந்தது. எனக்குப் படிக்கவே தேவையில்லை. அன்று நான் சேலத்தில் உபவாசம் இருந்து, வெறுங்காலோடு சிலுவைப்பாதை நடந்து, மூன்று மணி ஆராதனையில் முழங்காலில் நின்றிருந்தேன். பெரிய வெள்ளி. பங்குச் சந்தைக்கு விடுமுறை.

நான் சிரித்த சிரிப்பில் பிரகாஷ் பயந்துவிட்டான்.

"சார், அன்னைக்குச் சந்தையே திறக்கலை. அந்த விலை உலகத்துல எங்கேயும் நடக்கலை. இணையத்துல தேடினாலும் கிடைக்காது. அப்ப இந்தப் பதினேழு பேரும் அதை எதைப் பார்த்து எழுதினாங்க?"

நானே சொன்னேன். முட்டைக்கு லீவு கிடையாது. கோழி பெரிய வெள்ளிக்கும் முட்டை போடும். சனி, ஞாயிறு விடுமுறையை நினைவில் வைத்திருந்த தீவனத் தம்பி, வெள்ளிக்கிழமைதானே என்ற பழக்கத்தில் அன்றும் இரண்டு விலையையும் அனுப்பிவிட்டார். இவர்களும் பழக்கத்தில் இரண்டையும் எழுதிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து காப்பி அடித்திருந்தால் அந்தக் கட்டத்தில் முட்டை விலை மட்டும்தான் இருக்கும். உடனே பாவாயிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்து, அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னைக்கு ஆர்டரே போகலீங்க. போன்ல நெட்டு இல்லையாட்டமிருக்குதுன்னு ரெண்டு மூணு தரம் அமுத்திப் பாத்தேன். ஏனுங்க, அதுலயும் ஏதாச்சும் தப்புங்களா?"

"தப்பில்லைங்க. நீங்க எழுதினதுலயே அதுதான் ரொம்பச் சரி" என்றேன்.

பிள்ளைகளே, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணக்கெல்லாம் பொருந்தி வரும்போது ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால், எரிச்சல்பட்டு அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

மேலதிகாரி நியாயமானவர் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு நிமிஷம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, விற்ற ஐந்து கணக்குகளையும் கம்பெனிக்காரர்களின் கணக்குகளையும் முடக்கி, எடுத்த லாபத்தைப் பிடித்து வைக்க உத்தரவு எழுதச் சொன்னார். எழுதும்போதே கேட்டார்: "பண்ணைக்காரங்களையும் சேர்த்திடலாமே? பாதுகாப்புக்கு. நாளைக்கு அந்த ஆளோட பேச்சைக் கேட்டு மறுபடி வாங்கினா?"

"வாங்க மாட்டாங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"நாளைக்கு ஒன்பதே காலுக்கு அதுல ஒரு கணக்கு வாங்கினாலும், அடுத்த உத்தரவுல என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. மூன்று மாதம் தினமும் காசு ஏறுவதைப் பார்த்த கை சும்மா இருக்குமா? ஆனால் அவர்களைச் சேர்த்து எழுதினால் திருடனையும் திருட்டுக் கொடுத்தவரையும் ஒரே வரியில் நிறுத்தியதாகும். அதற்கு நான் இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. அவர் பண்ணைக்காரர்கள் பெயர் இல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே எங்கள் பிரிவில் எல்லோரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள் முந்தைய நாள் மதியமே மூட்டை மூட்டையாக விற்கும் ஆர்டர்களை வரிசையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதே கால். ஒவ்வொன்றாக நிராகரிப்பு, நிராகரிப்பு என்று விழுந்தது. அறையில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கண் வாங்குகிறவர்கள் பக்கம் இருந்தது. முப்பத்தெட்டு கணக்கும் திறந்தே இருந்தன, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒன்பது பதினாறு. ஒன்பது இருபது. ஒன்பதரை. நாமக்கல்லிலிருந்து ஒரு ஆர்டர் இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை.

மும்பையிலிருந்து போன் வந்தது. "உங்க பேரை எழுத வேண்டியதில்லை செலின்" என்றார். அப்புறம்தான் நான் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். சந்தோஷத்தில் அழுவது அத்தனை சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பங்கு விலை அதன் பிறகு சரசரவென்று இறங்கியது. அது இறங்க வேண்டிய விலைதான். பண்ணைக்காரர்கள் போட்ட பணம் உடனே திரும்பவில்லை. ஆனால் அதை எடுத்தவர்களிடமிருந்து பிடித்து வைத்தாயிற்று. பாவாயியின் பெயர் எந்த உத்தரவிலும் இல்லாததால் குஞ்சுப் பண்ணைக்காரர் தவணை சொல்லிக் குஞ்சு கொடுத்தார். ஒரு மாதம் பிந்தித்தான் இறக்கினார், ஆனால் இறக்கினார்.

இறுதி விசாரணை பல மாதம் கழித்துச் சென்னையில் நடந்தது. தீவனத் தம்பி முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பெரிய வக்கீலைக் கொண்டுவந்தார்கள். பெரிய வெள்ளிக் கட்டத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் சாட்சி சொல்ல வந்தவர் மேல் பாய்ந்தார். பாவாயி முதல்நாள் பஸ் ஏறி வந்திருந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. மூணு மாசத்துல லாபம் பார்த்துடலாம்ங்கற பேராசையிலதானே வாங்கினீங்க?"

நான் ஆட்சேபிக்க எழுந்தேன். பாவாயி என்னைக் கையமர்த்தினார்.

"ஆமாங்க, ஆசைப்பட்டேனுங்க. இல்லைன்னு சொன்னா அது பொய்யி. நான் ஆசைப்பட்டதுக்கு என்ற ஷெட்டு ஒரு மாசம் காலியாக் கெடந்துச்சு. அது எனக்குத் தண்டனை, பட்டுட்டேன். நீங்க பொய் சொன்னதுக்கு உங்களுக்கு என்னங்க தண்டனை? அதைக் கேட்டுட்டுப் போலாமுன்னுதானுங்க இத்தனை தூரம் வந்தேன்."

வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். முதலீட்டாளர் பாதுகாப்பு என்று நாம் எழுதாத அறிக்கை இல்லை. ஆசையே படாத ஒருவரைக் காப்பாற்றுவதுதான் அது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒருவர் இருந்தால் அவர் ஏன் சந்தைக்கு வருகிறார்? ஆசைப்படுகிறவரிடம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

உத்தரவு வந்தது. கம்பெனிக்காரர்கள் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று தடை, எடுத்த லாபம் வட்டியோடு திரும்ப வேண்டும், அதற்கு மேல் அபராதம். முப்பத்தெட்டு பேருக்கும் அவரவர் பணம் வந்து சேர்ந்தது. உத்தரவின் தமிழ் நகல் ஒன்றை நானே எருமப்பட்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் நிறையக் கோழி, பேசினால் காதில் விழாத சத்தம். பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினார். பணம் வருகிற பக்கத்தை நான் பிரித்துக் காட்டப் போனேன்.

"அதைப் பொறவு பாத்துக்கலாமுங்க. அவுங்க தண்டனை எந்தப் பக்கத்துலீங்க இருக்குது?"

எடுத்துக் காட்டினேன். நின்றபடியே, வரிக்கு வரி விரல் வைத்து, கடைசி வரை படித்தார். படித்து முடித்துவிட்டு, "செரிங்க" என்றார்.